இசைக்குப் பயன்படும் பழைய கேம் பாய்: தானாக அணைதல், இரைச்சல், திரையில் மறையும் கோடுகள்

பச்சைத்திரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1989-இல் வெளிவந்த முதல் கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில், அதாவது பின்பக்கம் டிஎம்ஜி-01 என்று பொறித்திருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியில், எல்எஸ்டிஜே என்னும் டிராக்கரை, அதாவது சுரங்களை வரிவரியாக அடுக்கி இசை அமைக்கும் மென்பொருளைக் கொண்டு ஆறு ஆண்டுகளாக இசை அமைத்து வருகிறேன். ஜப்பானிலிருந்து பழைய பொருளாக வந்த கருவி இது. முன்பு வைத்திருந்தவர் திரைக்குப் பின்னே பின்னொளித் தகடு ஒன்றையும் பொருத்தியிருக்கிறார். கடந்த இரண்டு மாதங்களாக இதில் மூன்று கோளாறுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டியிருக்கின்றன.

முதலாவதாக, வாசித்துக்கொண்டிருக்கும்போதே கருவி அணைந்து, மீண்டும் தொடக்கத் திரையிலிருந்து எழுகிறது. ஸ்பீக்கரை உரக்க வைத்தாலோ, கருவியைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலோ இது அடிக்கடி நிகழ்கிறது. இரண்டாவதாக, ஹெட்போன் வழியே ஒரு கீச்சென்ற இரைச்சல் வருகிறது. பாட்டு நின்றிருக்கும்போதும் அது நிற்பதில்லை, ஆனால் திரையில் பக்கம் மாறினால் அதன் தொனியும் மாறுகிறது. மூன்றாவதாக, திரையின் இடது ஓரத்தில் ஏழு செங்குத்துக் கோடுகள் முற்றிலும் மறைந்துவிட்டன. எல்எஸ்டிஜேயில் ஸ்டெப் எண்கள் இருப்பது அந்த ஓரத்தில்தான் என்பதால், எந்த வரியில் நிற்கிறேன் என்பதையே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பேட்டரி புதிது, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, நான்கு. சால்டரிங் ஓரளவு தெரியும், மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு சிறு அரங்கில் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

ஈயப்புகை எழுதியது:

வணக்கம் நண்பரே. ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் உங்கள் பாட்டுகளைக் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள். எல்எஸ்டிஜேயில் நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் பாட்டு நேரடியாகக் கார்ட்ரிட்ஜின் எஸ்ரேமில்தான், அதாவது ஒரு சிறு பேட்டரியால் காக்கப்படும் நினைவகத்தில்தான் எழுதப்படுகிறது. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் தடுமாறினால் பாட்டு சிதைந்துபோகலாம்; இரண்டு மாதங்களாக நீங்கள் அந்த ஆபத்தோடுதான் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கார்ட்ரிட்ஜ் ரீடர் கொண்டு எடுக்கும் நகல் சரியாக 131,072 பைட் இருக்க வேண்டும். அளவை மட்டும் பார்த்து நிறைவடைந்துவிடாமல், அந்தக் கோப்பைக் கணினியில் எமுலேட்டரில், அதாவது கேம் பாயைப் போல இயங்கும் மென்பொருளில் திறந்து பாட்டு ஒலிக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். நகல் எடுத்தோம் என்ற நம்பிக்கையில் வெற்றுக் கோப்பை வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனிக் கோளாறுக்கு வருவோம். நீங்கள் மூன்று நோய்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம் என்பது என் எண்ணம். கருவி அணையும் அந்தக் கணத்தில் இடப்பக்கத்துச் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். விளக்கு மங்கி, அதன்பின் கருவி அணைந்தால் அது மின் வழங்கலின் கோளாறு. விளக்கு சிறிதும் அசையாமல் எரிந்துகொண்டிருக்க, திரையில் மட்டும் எழுத்துகள் குழம்பினால் அது கார்ட்ரிட்ஜின் 32 முனைகளில் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை என்பதாகும். இந்த ஒரு கவனிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்திவிடும்.

மின் வழங்கலில் நான் முதலில் சந்தேகிப்பது மேலே இருக்கும் பவர் ஸ்விட்ச்சை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காற்றில் கிடந்த அதன் உள்தகடுகள் கறுத்துப்போயிருக்கும்; கறுத்த தகடு மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு ரெசிஸ்டரைப் போல நடந்துகொள்ளும். கருவியைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே மல்டிமீட்டரின் ஒரு முனையை ஸ்விட்ச்சின் உள்வரும் காலிலும் மற்றொன்றை வெளிச்செல்லும் காலிலும் வையுங்கள். நல்ல ஸ்விட்ச்சில் ஏறக்குறைய சுழியமே காட்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இதில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சாதாரண ஆல்கலைன் பேட்டரி நான்கு சேர்ந்தால் 6 வோல்ட், நீங்கள் பயன்படுத்தும் வகையில் 4.8 வோல்ட்தான். ஆகவே ஸ்விட்ச்சில் நேரும் இழப்பு உங்களை மற்றவர்களைவிட விரைவாகத் தாக்கும். பின்னொளியும் தன் பங்குக்கு மின்னோட்டத்தை இழுக்கிறது.

வெளிப்புறத்தில் ஆறு திருகாணிகள் இருக்கின்றன, அவற்றில் இரண்டு பேட்டரிப் பெட்டிக்குள். மூன்று வெட்டுக் கொண்ட தலை என்பதால் அதற்குரிய ட்ரை-விங் டிரைவரை வாங்கிவிடுங்கள். சிறிய தட்டை டிரைவரால் முயன்றால் தலை மழுங்கி, பின் எதனாலும் திறக்க முடியாமல் போகும். இரு பாதிகளையும் இணைப்பது 21 தடங்கள் கொண்ட ஒரு பட்டைக் கேபிள். பெட்டியைப் புத்தகம்போல் மெல்லத் திறந்து, கேபிளை நேராக இழுத்துக் கழற்றுங்கள்.

அலைத்தடம் எழுதியது:

ஈயப்புகை அவர்கள் சொன்ன வரிசையே சரி. இரைச்சலைப் பற்றி மட்டும் ஓர் இசைக்காரனாக என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். அடாப்டர் வேண்டாம், இரண்டு கருவிகளை இணைக்கும் லிங்க் கேபிள் வேண்டாம், மிக்சர் வேண்டாம்; பேட்டரியில் ஓடும் கருவியும் ஹெட்போனும் மட்டும் இருக்கட்டும். அந்த நிலையில் இரைச்சல் மறைந்துவிட்டால் குற்றம் கருவியினுடையது அன்று. ஒரே மின் மூலத்திலிருந்து இரண்டு கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்து, அவற்றை லிங்க் கேபிளாலும் இணைத்து, இரண்டின் ஒலியையும் ஒரே மிக்சரில் செருகினால் கிரவுண்ட் ஒரு வளையமாகிவிடும். அதிலிருந்து எழும் உறுமலுக்கு, மின்னைச் சேமித்து வெளியிடும் எந்தக் கெபாசிட்டரை மாற்றியும் பயனில்லை.

பேட்டரியில் தனியே ஓடும்போதும் கீச்சொலி கேட்டு, அது திரையோடு சேர்ந்து மாறினால், அது இந்த மாதிரியின் பிறவிக்குணம். செயலியும் திரையும் மின்சாரத்தைத் துண்டுதுண்டாக இழுக்கும் தடம் ஹெட்போன் ஆம்பிளிஃபயருக்குள் கசிகிறது. அதற்கு மருந்து புரோசவுண்ட் எனப்படும் மாற்றம்: வால்யூம் சக்கரத்தின் கால்களிலிருந்தே இடது, வலது ஒலிகளை எடுத்து, அந்த ஆம்பிளிஃபயரைத் தொடாமல் வெளியே கொண்டுவருவது. இரைச்சல் குறைவது மட்டுமன்றி, அடித்தொனி நிறைந்து வருவதைக் காதாலேயே உணரலாம்.

கால்வோல்ட் எழுதியது:

இவ்வளவு அளந்து பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? அடுத்த மாதம் நிகழ்ச்சி இருக்கிறது. எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றிவிடுவதே என் வழக்கம். முப்பது ஆண்டு பழைய கெபாசிட்டரை நம்பி மேடை ஏறக் கூடாது. மாற்றுவதற்கான முழுத் தொகுப்பு விலைக்குக் கிடைக்கிறது, ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும்.

ஈயப்புகை எழுதியது:

கால்வோல்ட் அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். பழைய கெபாசிட்டர் கசியும் என்பதும் உண்மையே. ஆனால் முதல் வேலையாக அனைத்தையும் மாற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் டிஎம்ஜியை, இதேபோல் தானாக அணைகிறது என்பதற்காக, மேசையில் வைத்த உடனேயே கெபாசிட்டர் மாற்றத் தொடங்கினேன். மூன்றாவது கெபாசிட்டரை எடுக்கும்போது ஈயம் உருகாமல் அடம்பிடித்தது. சால்டரிங் அயர்னைச் சில நொடிகள் கூடுதலாக அழுத்தினேன். காலோடு சேர்ந்து போர்டிலிருந்த செம்புத் திட்டும் உரிந்து வந்துவிட்டது. தலைமுடி அளவுள்ள கம்பியால் தடத்தைத் திருப்பிக் கட்ட இரண்டு இரவுகள் ஆயின. எல்லாம் முடித்து இயக்கினால், கருவி முன்போலவே அணைந்தது. கோளாறு ஸ்விட்ச்சில் இருந்தது. பத்து நிமிட வேலைக்கு அந்தப் போர்டை நான் காயப்படுத்திவிட்டேன். அதன் வடு அந்தக் கருவியில் இன்றும் இருக்கிறது.

கெபாசிட்டரைச் சந்தேகிக்க வேண்டிய இடம் முதலில் ஒன்றுதான். மெயின் போர்டோடு சேராமல் தனியாக நிற்கும் ஒரு சிறு போர்டு உள்ளே உண்டு. பேட்டரியின் மின்னழுத்தத்தை நிலையான 5 வோல்ட்டாக மாற்றுவதும், திரைக்குத் தேவையான எதிர்மறை மின்னழுத்தத்தை உண்டாக்குவதும் அதன் வேலை. அதில் உள்ள கெபாசிட்டரின் அடியில் பழுப்புக் கறை தெரிந்தாலோ, மீன் நாற்றம் போன்ற ஒரு வாடை வந்தாலோ, வெளிச்செல்லும் 5 வோல்ட் ஆடினாலோ, அந்தப் போர்டைக் கவனியுங்கள். முழுப் போர்டையும் மாற்றிவிடும் புதிய மாற்றுப் போர்டுகளும் கிடைக்கின்றன. அளந்து பார்த்துக் குற்றம் தெரிந்த பிறகு மாற்றுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பச்சைத்திரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. வார இறுதி முழுவதும் இதற்கே செலவிட்டேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

நகல் எடுத்துவிட்டேன். 131,072 பைட், எமுலேட்டரில் பதினொரு பாட்டுகளும் ஒலித்தன. ஒரு பாட்டில் மட்டும், கேம் பாயின் வேவ் எனப்படும் ஒலித்தடத்தின் இசைக்கருவி ஒன்று சிதைந்திருந்தது. பழைய நகலிலிருந்து அதை மீட்டுக்கொண்டேன்.

விளக்கைக் கவனித்தேன். அணைவதற்குச் சற்று முன் அது தெளிவாக மங்குகிறது. ஆகவே கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து அளந்தேன். பேட்டரி முனையில் 5.1 வோல்ட். ஸ்விட்ச்சைத் தாண்டியபின் 4.2 வோல்ட். ஸ்விட்ச்சின் தலையை விரல் நகத்தால் தட்டினால் அது 3.6 வரை இறங்கி, மீண்டும் ஏறியது. அந்த எண்கள் துள்ளுவதைப் பார்த்தபோதுதான், இரண்டு மாதங்களாகக் கருவி என்னிடம் எதைச் சொல்ல முயன்றது என்பது விளங்கியது.

பேட்டரிப் பெட்டியிலும் ஒன்றைக் கண்டேன். எதிர்முனைச் சுருள் ஒன்றின் அடியில் வெண்மையும் பச்சையும் கலந்த பொருக்கு படிந்திருந்தது. மேலே பார்த்தால் சுருள் பளபளப்பாகவே இருக்கிறது. போர்டைக் கழற்றிக் கீழிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. விற்றவர் சோதித்துப் பார்த்த பொருள் என்றுதான் சொல்லியிருந்தார். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது என்பதால், பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்து வைத்தேன். சிறு நுரை எழுந்து பொருக்கு கரைந்தது. பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்து, வினிகரின் ஈரம் சிறிதும் தங்காதபடி உலரவிட்டேன்.

ஸ்விட்ச்சுக்குள் பேட்டரி இல்லாத நிலையில் ஆல்கஹாலைச் சொட்டுச்சொட்டாக விட்டு, நாற்பது ஐம்பது முறை முன்னும் பின்னும் தள்ளினேன். முதல் சொட்டுகள் சாம்பல் நிறத்தில் வழிந்தன. இரவு முழுவதும் உலரவிட்டு மறுநாள் அளந்தபோது ஸ்விட்ச்சில் இழப்பு 0.03 வோல்ட். ஸ்பீக்கரை முழு ஒலியில் வைத்து மூன்று மணி நேரம் ஓடவிட்டேன், ஒருமுறைகூட அணையவில்லை. சிறு போர்டின் 5 வோல்ட்டும் அசையாமல் நிற்கிறது, கறையோ வாடையோ இல்லை. எனவே கெபாசிட்டர்களைத் தொடவில்லை.

இரைச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. பேட்டரியில் தனியே ஓடும்போதும் மெல்லக் கேட்கிறது. கோடுகளும் அப்படியே மறைந்திருக்கின்றன. அடுத்து இவற்றைப் பார்க்க வேண்டும்.

கால்வோல்ட் எழுதியது:

ஸ்விட்ச் விஷயத்தில் ஈயப்புகை அவர்களின் கணிப்பே சரியாக இருந்தது. என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். திரைக் கோடுகளில் எனக்குப் பழக்கம் அதிகம் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

திரையில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144. அந்த 160 செங்குத்துத் தடங்களும் திரைக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு மெல்லிய பட்டையின் வழியே போர்டுக்கு வருகின்றன. அந்தப் பட்டை கண்ணாடியோடு ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது அன்று. சூட்டில் ஒட்டும், மின்சாரம் கடத்தும் பசையால் ஒட்டப்பட்டது. ஆண்டுகள் ஆக ஆகப் பசை தளர்ந்து, ஒவ்வொரு தடமாகத் தொடர்பு விட்டுப்போகும். பின்னொளி பொருத்துவதற்காகத் திரைக்குப் பின்னால் உள்ள தாளை உரிக்கும்போது பட்டை சற்றே இழுபட்டாலும் இது நேரும். உங்கள் கருவியில் அப்படி நடந்திருக்கக்கூடும்.

மருந்து சூடுதான். முன்பாதியைத் திறந்து, கீழ் விளிம்பில் பட்டையை மூடியிருக்கும் ரப்பர் பட்டியை நோகாமல் விலக்குங்கள். அயர்னை நான் 200 டிகிரி செல்சியஸ் அளவில்தான் வைப்பேன். அதற்கு மேல் போனால் பட்டை சுருங்கிவிடும் என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு. பட்டையின் மேல் கேப்டன் (Kapton) எனப்படும் சூடு தாங்கும் டேப் ஒன்றை ஒட்டிவிட்டு, அயர்ன் முனையின் தட்டையான பக்கத்தால், கண்ணாடியோடு ஒட்டிய அந்த விளிம்பில் மட்டும், மிக மெல்ல அழுத்தி ஒரு திசையில் தடவுங்கள். ஓரிடத்தில் இரண்டு நொடிக்கு மேல் நிற்க வேண்டாம். கருவியை இயக்கிவைத்துக்கொண்டே செய்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் பார்க்கலாம். வந்த உடனே அயர்னை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். பட்டை ஆறும் வரை, மரக்குச்சி போன்ற சூடு தாங்கும் ஒன்றால் அதே இடத்தை அழுத்திப் பிடியுங்கள். சூட்டில் திரும்பி வந்த கோடு ஆறியதும் மறுபடி மறைவதற்குப் பெரும்பாலும் இந்த அழுத்தம் இல்லாததே காரணம்.

கிடைமட்டக் கோடுகள் மறைந்திருந்தால் இந்த அளவுக்குத் துணிச்சலோடு சொல்லியிருக்க மாட்டேன். பக்கவாட்டுப் பட்டை இன்னும் மென்மையானது. அதில் நான் இரண்டு திரைகளை இழந்திருக்கிறேன்.

அலைத்தடம் எழுதியது:

மீதமிருக்கும் இரைச்சலுக்கு இனி புரோசவுண்ட் செய்வதுதான் வழி. வால்யூம் சக்கரத்தின் கால்களில் எவை உள்வருபவை என்பதை, இரு தடங்களிலும் தனித்தனியே ஒரு ஒலியை ஓடவிட்டு, சக்கரத்தைச் சுழற்றி, அளந்தே உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கரத்துக்கு முன்பிருந்து எடுத்தால் ஒலி அளவு மாறாமல் முழுமையாக வரும். அளவை மிக்சரில் பார்த்துக்கொள்ளலாம். சக்கரத்துக்குப் பின்னிருந்து எடுத்தால் சக்கரம் வேலை செய்யும். மேடைக்கு முன்னதையே நான் விரும்புவேன்; கை தவறிச் சக்கரத்தில் பட்டாலும் ஒலி குறையாது. பெட்டியின் அடியில் தனியாக ஒரு ஆர்சிஏ எனப்படும் ஒலி இணைப்பியைத் துளையிட்டுப் பொருத்துவது பலருடைய வழக்கம்.

ஈயப்புகை எழுதியது:

இந்த ஒன்றில் நான் மாறுபடுகிறேன். 1989-இல் வார்த்த அந்தப் பெட்டியில் துளையிட்டால் அதைத் திரும்ப அடைக்க முடியாது. ஹெட்போன் இணைப்பி இருப்பதே தனியான ஒரு சிறு போர்டில்தான். அதற்கு ஆம்பிளிஃபயரிலிருந்து வரும் கம்பிகளை விலக்கிவிட்டு, வால்யூம் சக்கரத்திலிருந்து எடுத்த கம்பிகளை அதே இணைப்பியில் சேர்த்துவிடலாம். வேண்டாம் என்றால் பழையபடி மாற்றவும் முடியும். இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன்: ஆம்பிளிஃபயர் இல்லாததால் ஹெட்போனை நேரடியாகச் செருகினால் ஒலி மிக மெலிதாகக் கேட்கும். பேருந்தில் உட்கார்ந்து இசை அமைப்பவருக்கு இது பொருந்தாது. மிக்சருக்கே போகும் கருவி என்றால் இதுவே போதும். எந்த வழியாயினும் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையிட்ட கேபிளைப் பயன்படுத்தி, திரைப் பட்டைக்கும் சிறு பவர் போர்டுக்கும் தொலைவாகவே கொண்டுசெல்லுங்கள். இல்லையெனில் விலக்கிய இரைச்சலை நாமே திரும்ப அழைத்தவர்களாவோம்.

அலைத்தடம் எழுதியது:

அது நியாயம். பழைய பெட்டியைக் காப்பது என்ற நோக்கில் நீங்கள் சொல்வதே மேல். மாற்றிய பின் சோதிப்பதற்கு ஒரு குறிப்பு: கேம் பாயின் ஒலித்தடங்களில் இரு பல்ஸ் தடங்களும் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க மாட்டா, வேவ் தடம் 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அடித்தொனி உண்மையிலேயே கூடியதா என்பதை வேவ் தடத்தின் கீழ்ச் சுரங்களில்தான் கேட்க வேண்டும்.

பச்சைத்திரை எழுதியது:

பன்னிரண்டு நாட்களுக்குப் பின் எழுதுகிறேன்.

கோடுகளில் தொடங்கினேன். முதல் தடவலில் எதுவும் நிகழவில்லை. இரண்டாவது தடவலில் ஒரு கோடு கறுப்பாக மின்னி மறைந்தது. மூன்றாவதில் ஓரத்திலிருந்து நான்கு கோடுகள், மழைக்குப் பின் வாய்க்காலில் நீர் நகர்வதுபோல், ஒன்றையடுத்து ஒன்றாக வந்து நின்றன. குச்சியால் அழுத்திப் பிடித்து ஆறவிட்டேன். ஆறு கோடுகள் நிலைத்துவிட்டன. ஏழாவது வரவில்லை; அது எண்களுக்கு வெளியே விளிம்பில் இருப்பதால், பேராசைப்பட்டு மேலும் சுடாமல் விட்டுவிட்டேன்.

புரோசவுண்டை ஈயப்புகை அவர்கள் சொன்ன வழியில், துளையில்லாமல், சக்கரத்துக்கு முன்பிருந்து எடுத்துச் செய்தேன். கம்பியை முதலில் பவர் போர்டின் ஓரமாகக் கொண்டுபோனபோது கீச்சொலி அப்படியே இருந்தது. கேபிளை எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டித் திருப்பியதும் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது. மிக்சரில் ஒலியை முழுவதும் ஏற்றி, காதை ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோனால் மட்டும் ஒரு மெல்லிய இழை கேட்கிறது. வேவ் தடத்தில் மிகத் தாழ்ந்த சுரத்தை நீளமாக வைத்தேன்; மேசைமேல் இருந்த ஸ்குரூ டிரைவர் நடுங்கியது. இந்தப் பாட்டுகளில் இந்த அடித்தொனி இத்தனை ஆண்டுகளாக இருந்தும் நான் கேட்டதே இல்லை. இரண்டு பாட்டுகளில் அதைக் குறைத்து மறுபடி அமைக்க வேண்டியிருக்கிறது.

கார்ட்ரிட்ஜையும் திறந்து பார்த்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டிய நாணய பேட்டரி 2.6 காட்டியது. இணைப்புக்கான உலோகக் காதுகள் முன்பே பற்றவைத்த புதிய பேட்டரியை வரவழைத்து, மீண்டும் ஒரு நகல் எடுத்தபின் மாற்றினேன். கழற்றிய உடன் பாட்டுகள் அனைத்தும் அழிந்தன. நகலிலிருந்து பதினொன்றையும் திரும்ப ஏற்றிவிட்டேன். நிகழ்ச்சிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அதுவரை கருவியை ஒவ்வொரு மாலையும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஸ்விட்ச்சில் இழப்பை அளந்து குறித்து வருகிறேன். நேற்று மாலையும் 0.03 வோல்ட்தான்.